பைத்தான் 2.7, பைத்தான் 3 இரண்டிலும் ஒரே நிரலை ஓட்டுவது எப்படி?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். நூலகத்தின் புத்தகப் பட்டியலைப் பராமரிக்கும் நிரல் ஒன்று உங்களிடம் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் பைத்தான் என்ற நிரல்மொழியின் 2.7 பதிப்பில் எழுதியது, ஏறக்குறைய 20,000 வரி. ஸ்கேனர் பொருத்திய மூன்று பழைய கணினிகளில் அந்த ஸ்கேனரை இயக்கும் மென்பொருளான டிரைவர் 2.7-ஐ விட்டு நகர மறுக்கிறது. புதிதாக வாங்கிய கணினிகளில் பைத்தான் 3 மட்டுமே இருக்கிறது. இரண்டுக்கும் தனித்தனி நகல் வைத்துக்கொள்வதா, ஒரே நிரலை இரண்டிலும் ஓட வைப்பதா என்று கேட்கிறீர்கள்.

ஒரே நிரல்தான். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. இரண்டு நகல் வைத்தால் முதல் மாதம் எல்லாம் ஒழுங்காக இருக்கும். மூன்றாவது மாதம் ஒன்றில் திருத்திய பிழை மற்றதில் அப்படியே கிடக்கும். ஆறாவது மாதம் எதில் எது இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இன்ஸ்டாகிராம் அத்தனை பெரிய நிரலை 2.7-இலிருந்து 3-க்கு நகர்த்தியபோதுகூடத் தனிக் கிளை (நிரலின் தனிப் பிரதி) போடவில்லை. எல்லோரும் அன்றாடம் வேலை செய்துகொண்டிருந்த முதன்மைக் கிளையிலேயே இரண்டிலும் ஓடும்படி மாற்றிக்கொண்டு போனார்கள். 2017 பைகான் மாநாட்டில் அதை விரிவாகச் சொன்னார்கள். அவர்களுக்கு ஏறக்குறைய பத்து மாதம் பிடித்தது. உங்களுக்கு அவ்வளவு ஆகாது.

எங்கே நேரத்தைச் செலவிட வேண்டும் என்பது புரிய, பழைய கதை கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். பைத்தான் 3.0 வெளிவந்தது 2008 டிசம்பர் 3-ஆம் தேதி. 2.7 அதற்குப் பிறகு, 2010 ஜூலையில் வந்தது. பழைய நிரலை 2டூ3 என்ற கருவியில் ஒருமுறை போட்டு எடுத்தால் புதிய நிரல் கிடைத்துவிடும், எல்லோரும் அப்படியே நகர்ந்துவிடுவார்கள் என்பதுதான் முதலில் போட்ட கணக்கு. நடக்கவில்லை. லைப்ரரி, அதாவது மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல், எழுதுபவர்கள் பழைய பயனர்களைக் கைவிட முடியாது. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் கருவியை ஓட்டி, வந்த நிரலில் பிழை தேடி, அதன் மூலத்தைப் பழைய நிரலில் தேடித் திருத்துவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வேலை. ஆகவே இரண்டு பதிப்பும் ஏற்கும் பொதுவான பகுதிக்குள் மட்டும் நின்று எழுதுவது என்று அவர்களே ஒரு வழி கண்டார்கள். பெஞ்சமின் பீட்டர்சன் எழுதிய சிக்ஸ் என்ற சின்ன லைப்ரரி அதற்குத் துணையாக வந்தது. இரண்டையும் மூன்றையும் பெருக்கினால் ஆறு, அதுதான் பெயர்க் காரணம். 2டூ3 கருவியையே 3.13 பதிப்பில் பைத்தானிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

மொழியை உருவாக்கியவர்களும் இறங்கி வந்தார்கள். 2.7-இல் யூனிகோடு (உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் பொது முறை) ஸ்ட்ரிங்குக்கு, அதாவது எழுத்துத் தொடருக்கு, முன்னால் யூ என்ற எழுத்தைப் போடுவோம் இல்லையா, அதை 3.0-இல் தூக்கிவிட்டார்கள். அந்த ஓர் எழுத்தால் எத்தனையோ பேர் நகர முடியாமல் நின்றார்கள். ஆர்மின் ரோனாக்கர் முன்வைத்த திட்டத்தின்படி 2012-இல் வந்த 3.3 பதிப்பில் அதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். இப்போது அந்த யூ பைத்தான் 3-இல் எதையும் செய்வதில்லை, ஆனால் பிழை என்றும் சொல்வதில்லை. உங்கள் வேலைக்கு இந்தச் சலுகை உயிர்நாடி.

பதிப்பு மாறும்போது வரும் பிழைகளை நான் இரண்டாகப் பிரிப்பேன். கத்தும் பிழை, ஊமைப் பிழை. பிரிண்ட் என்பதற்கு அடைப்புக்குறி இல்லாமல் எழுதியிருந்தால் பைத்தான் 3 முதல் நொடியிலேயே கத்தும். எக்ஸெப்ட் வரியில் காற்புள்ளி போட்டிருந்தால் கத்தும், அங்கே ஆஸ் என்று எழுதினால் இரண்டும் ஏற்கும். எக்ஸ்ரேஞ்ச், ரா_இன்புட், இட்டர்ஐட்டம்ஸ் எல்லாமே அந்த வரிக்கு வந்ததும் கத்தும். எண்ணிக்கையில் பார்த்தால் இவைதான் அதிகம், உங்கள் 20,000 வரியில் ஆயிரக்கணக்கில் இருக்கலாம். ஆனால் இவற்றால் யாருக்கும் தூக்கம் கெட்டதில்லை. ஃப்யூச்சரைஸ் போன்ற கருவிகள் பெரும்பாலானவற்றை ஓர் இரவில் திருத்திக் கொடுத்துவிடும்.

பயப்பட வேண்டியது ஊமைப் பிழைகளுக்கு. நிரல் ஓடும், பிழைச் செய்தி எதுவும் வராது, விடை மட்டும் மாறியிருக்கும்.

வகுத்தல் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம். 7 / 2 என்றால் பழையதில் 3, புதியதில் 3.5. ஒவ்வொரு கோப்பின் தலையிலும் பைத்தானோடு வரும் __ஃப்யூச்சர்__ என்ற மாட்யூலிலிருந்து (மாட்யூல் என்றால் நிரல் தொகுப்பு) டிவிஷனை இம்போர்ட் செய்துவிட்டால் 2.7-உம் புதிய முறைக்கு வந்துவிடும். முழு எண்ணாகத்தான் வேண்டும் என்ற இடங்களில் // போடுங்கள், அது இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் இந்த இம்போர்ட் வரியை எல்லாக் கோப்புகளிலும் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்காதீர்கள். சேர்த்த நொடியில் அந்தக் கோப்பின் பழைய கணக்கு மாறுகிறது. ஒரு கோப்பில் சேர்த்து, அதிலுள்ள ஒவ்வொரு வகுத்தலையும் கண்ணால் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். 2.7-ஐ -3 என்ற குறியோடு ஓட்டினால் பழைய முறை வகுத்தல் நடக்கும் இடங்களை அதுவே எச்சரிக்கையாகக் காட்டும்.

ரவுண்ட் இதைவிடக் கள்ளத்தனமானது. வட்டிக் கணக்கு நிரல் ஒன்றை நகர்த்தியபோது நானே இதில் அடிபட்டேன். 12.50-ஐ முழு ரூபாயாக்கினால் 2.7 கொடுப்பது 13. பைத்தான் 3 கொடுப்பது 12. சரியாகப் பாதியில் நின்றால் பக்கத்திலுள்ள இரட்டை எண்ணுக்குப் போவது புதிய விதி. 13.50 என்றால் இரண்டிலுமே 14 வரும். அதனால் நான் சோதித்துப் பார்த்த நாலைந்து கணக்குகளில் வித்தியாசமே தெரியவில்லை. மாதக் கடைசியில் பேரேட்டைக் கூட்டியபோது சில கணக்குகளில் மட்டும் ஒரு ரூபாய் இடித்தது. மூன்று நாள் தேடினோம். பணம் புழங்கும் இடத்தில் ரவுண்டை நம்பவே வேண்டாம். டெசிமல் மாட்யூலை எடுத்து, பாதியை மேலே தள்ளு என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். இரண்டு பதிப்பிலும் ஒரே விடை வரும். நூலகத்தில் தாமதக் கட்டணம் கணக்கிடும் இடம் இருக்குமே, முதலில் அதைப் பாருங்கள்.

இன்னொன்று மேப். பழையதில் அது உடனே ஓடி ஒரு பட்டியலைக் கொடுக்கும். புதியதில் யாராவது கேட்கும்வரை எதுவும் செய்யாது. எல்லாப் பதிவுகளையும் சேமி என்பதை மேப்பில் போட்டு, திரும்பி வருவதை யாரும் வாங்காமல் விட்டிருந்தால், பைத்தான் 3-இல் ஒரு பதிவுகூடச் சேமிக்கப்படாது. ஒரு வார்த்தையும் சொல்லாது. மேப், ஃபில்டர், ஜிப் மூன்றையும் தேடி, பட்டியலாகத் தேவைப்படும் இடங்களில் லிஸ்ட்டுக்குள் வையுங்கள், வேலை நடக்க வேண்டிய இடங்களில் சாதாரண ஃபார் லூப்பாக்குங்கள்.

இனி எழுத்துக்கு வருகிறேன். உங்கள் நிரல் முழுக்கத் தமிழ்ப் புத்தகப் பெயர்களைக் கையாள்வதால் உங்கள் நேரத்தில் பாதி இங்கேதான் போகும்.

"தமிழ்" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடுக்கு த, ம, இகர மேல்விலங்கு, ழ, புள்ளி என்று ஐந்து குறி. யூனிகோடைக் கோப்பில் எழுதும் முறையான யூடிஎஃப்-8-இல் சேமித்தால் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆக 15 பைட். யூ இல்லாமல் வெறும் மேற்கோளுக்குள் எழுதி நீளம் கேட்டால் 2.7 சொல்வது 15. பைத்தான் 3 சொல்வது 5. இதன் விளைவு எங்கே தெரியும் என்றால், புத்தக முதுகில் ஒட்டும் லேபிளில். பழைய நிரலை எழுதியவர் தலைப்பு பாதியில் உடைந்து கட்டம் கட்டமாக அச்சாவதைப் பார்த்து, 30 குறிக்கு இடம் வேண்டுமென்று 90-இல் வெட்டியிருப்பார். அன்றைக்கு அது சரியான தீர்வு. பைத்தான் 3-இல் அதே வரி 90 குறிகளை அனுப்பி லேபிளுக்கு வெளியே தள்ளிவிடும். மூன்றால் பெருக்கிய எண் எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடுங்கள். நிச்சயம் ஒன்றிரண்டு அகப்படும்.

இதற்கு அடிப்படை ஒழுங்கு ஒன்றுதான். வெளியிலிருந்து வரும்போது பைட்டை யூனிகோடாக்கு. நிரலுக்குள் முழுக்க யூனிகோடாகவே வைத்திரு. வெளியே போகும் கடைசிப் படியில் பைட்டாக்கு. பைத்தான் 3 இதை வற்புறுத்துகிறது, 2.7 வற்புறுத்தவில்லை. 2.7 பைட்டையும் யூனிகோடையும் தானாகவே ஒட்டப் பார்க்கும், ஒட்டும்போது எல்லாம் ஆஸ்கி (ஆங்கில எழுத்துகளுக்கான பழைய குறிமுறை) என்று எண்ணிக்கொள்ளும். ஆங்கிலத் தலைப்பு என்றால் வேலை நடந்துவிடும். யூடிஎஃப்-8-இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றின் முதல் பைட்டும் 224. ஆஸ்கி 127-உடன் முடிந்துவிடுகிறது. அதனால்தான் ஆங்கிலத் தரவில் பல ஆண்டு ஓடிய நிரல்கள் முதல் தமிழ்ப் பெயரைக் கண்டதும் விழுந்தன. பைத்தான் 3 இந்த இடத்தில் கறாராக மாறியதை நான் மனதார வரவேற்கிறேன். நம் எழுத்தைக் கையாளும் எவருக்கும் அந்த மாற்றம் செய்த நன்மை பெரிது.

நடைமுறையில், கோப்பு திறக்கும் எல்லா இடத்திலும் ஐஓ மாட்யூலின் ஓப்பனை எடுத்து, என்கோடிங் (எழுத்தைப் பைட்டாக்கும் முறை) யூடிஎஃப்-8 என்று எழுதுங்கள். இரண்டு பதிப்பிலும் அது ஒரே மாதிரி நடக்கும். 2.7-இல் அதற்குள் பைட்டை எழுதப் பார்த்தால் மறுத்துவிடும், அந்த மறுப்பு உங்களுக்கு உதவிதான். என்கோடிங்கைச் சொல்லாமல் விட்டால் விண்டோஸ் ஒன்றை எடுத்துக்கொள்ளும், லினக்ஸ் வேறொன்றை எடுத்துக்கொள்ளும். இதை மொழியே சரிசெய்ய 3.15 வரை ஆகிறது, அந்தப் பதிப்பில்தான் யூடிஎஃப்-8 இயல்பாக்கப்படுகிறது. திரையில் சரியாக ஓடும் நிரல் இரவில் கிரான் (குறித்த நேரத்தில் நிரலைத் தானாக ஓட்டும் கருவி) வழியாக ஓடும்போது மட்டும் விழுந்தால், பைத்தான்ஐஓஎன்கோடிங் என்ற சூழல் மாறிக்கு யூடிஎஃப்-8 என்று மதிப்புக் கொடுங்கள். இரண்டு பதிப்பும் அதை மதிக்கும்.

ஸ்ட்ரிங்குகளை யூனிகோடாக்க இரண்டு வழி உண்டு. __ஃப்யூச்சர்__-இலிருந்து யூனிகோடு_லிட்டரல்ஸை இம்போர்ட் செய்தால் கோப்பிலுள்ள எல்லா மேற்கோளும் ஒரே அடியில் யூனிகோடாகிவிடும். அல்லது தேவையான இடத்தில் மட்டும் யூ போடலாம். பழைய நிரலுக்கு நான் சொல்வது இரண்டாவது வழி. ஒரே அடியில் மாற்றினால், பைட்டைத்தான் ஏற்பேன் என்று அடம்பிடிக்கும் சில 2.7 லைப்ரரிகளுக்கும் யூனிகோடு போய்ச்சேர்ந்து, சம்பந்தமே இல்லாத இடத்தில் நிரல் உடையும். உங்கள் ஸ்கேனர் டிரைவர் அப்படிப்பட்டதாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு விதிவிலக்கு: யூஆர் என்று இரண்டு எழுத்தையும் சேர்த்து ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்து வடிவங்களைத் தேடும் வாய்பாடு) எழுதியிருந்தால் அது பைத்தான் 3-இல் செல்லாது, 3.3-இல் யூ மட்டும்தான் திரும்பி வந்தது. தமிழ் எழுத்துகளைப் பிடிக்க, ஆர் இல்லாமல் வெறும் யூ போட்டு, யூனிகோடின் 0பி80 முதல் 0பிஎஃப்எஃப் வரையுள்ள தமிழ்ப் பகுதியையே சதுர அடைப்புக்குள் எழுதிவிடுங்கள். எழுத்தைக் குறிக்கும் குறுக்குவழி இருக்கிறதே, சாய்கோடும் டபிள்யூவும், அதை நம்பாதீர்கள். "தமிழ்" என்ற சொல்லை அது "தம", "ழ" என்று இரண்டு துண்டாக்கிவிடும், ஏனென்றால் மேல்விலங்கையும் புள்ளியையும் அது எழுத்தாகக் கணக்கெடுப்பதில்லை. பதிப்பு மாறுவதால் வரும் கோளாறு இல்லை இது, இரண்டிலுமே உண்டு. இந்த இடத்தைத் தொடும்போதே சரிசெய்துவிடலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

யூனிகோடுக்கு முந்தைய கோப்புகள் உங்களிடம் இருக்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறிமுறையிலும், தமிழ்நாடு அரசு 1999-இல் பரிந்துரைத்த டாப் முறையிலும் தட்டச்சிட்ட பட்டியல்கள். அவற்றை யூனிகோடாக்கும் ஃபங்ஷன் ஒவ்வொரு பைட்டாக எடுத்து ஒரு டிக்ஷனரியில் (சாவியும் மதிப்புமாக வைக்கும் பைத்தான் அட்டவணை) தேடி மாற்றும். அதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள். 2.7-இல் பைட் தொடரின் முதல் உறுப்பைக் கேட்டால் ஒற்றை எழுத்து ஸ்ட்ரிங் வரும். பைத்தான் 3-இல் ஓர் எண் வரும். டிக்ஷனரியில் சாவிகள் ஸ்ட்ரிங்காக இருப்பதால் எதுவுமே பொருந்தாது. பொருந்தாவிட்டால் உள்ளதை அப்படியே விடு என்று எழுதியிருந்தால் மாற்றமே நடக்காமல் குப்பையாக வெளியே வரும். உள்ளே வந்ததும் பைட்அர்ரே ஆக்கிவிடுங்கள். அதன் உறுப்பைக் கேட்டால் இரண்டு பதிப்பும் எண்ணையே கொடுக்கும். டிக்ஷனரியின் சாவிகளையும் 0 முதல் 255 வரையிலான எண்களாக மாற்றிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

பைட்டை ஸ்ட்ரிங்காக்க எஸ்டிஆர் என்று போட்டிருந்தால் பைத்தான் 3-இல் பெயருக்கு முன் ஒரு பி எழுத்தும் மேற்கோளும் ஒட்டிக்கொண்டு கோப்பில் ஏறிவிடும். பைட்டையும் ஸ்ட்ரிங்கையும் ஒப்பிட்டால் எப்போதும் சமமில்லை என்றே விடை வரும், பிழை வராது. இரண்டையும் பிடிக்க பைத்தான் 3-ஐ -bb என்ற குறியோடு ஓட்டுங்கள். அப்போது இந்த ஊமைப் பிழைகள் கத்தும் பிழைகளாகிவிடும். சோதனைகளை எப்போதும் இந்தக் குறியோடே ஓட்டும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

அகரவரிசையும் ஒரு பொறி. யூனிகோடின் வரிசை நம் அகராதி வரிசை அல்ல. அதில் ன வருவது ந-வை அடுத்து, அகராதியிலோ ற-வுக்குப் பின் கடைசியில். புள்ளி வைத்த க் நம் வரிசையில் க-வுக்கு முன், யூனிகோடில் கௌ-வுக்கும் பின். அதனால் தமிழ்ப் பட்டியலைச் சரியாக அடுக்க நினைத்த எவரும் இரண்டு சொல்லை ஒப்பிடும் ஒரு ஃபங்ஷன் எழுதி, சார்ட்டுக்கு சிஎம்பி வழியாகக் கொடுத்திருப்பார். பைத்தான் 3-இல் அந்த வழியே இல்லை. உடனடித் தீர்வு, ஃபங்டூல்ஸ் மாட்யூலில் சிஎம்பி_டு_கீ இருக்கிறது, 2.7-இலும் உண்டு, பழைய ஃபங்ஷனை அதற்குள் வைத்தால் போதும். நல்ல தீர்வு, ஒவ்வொரு தலைப்புக்கும் அகராதி வரிசைப்படி எண்களின் பட்டியல் ஒன்றைத் தரும் ஃபங்ஷன் எழுதி அதைக் கீயாகக் கொடுப்பது. நீளமான பட்டியலில் வேகமும் கூடும். ஆசிரியர் பெயர் இல்லாத புத்தகங்களுக்கு நன் (மதிப்பு எதுவும் இல்லை என்பதைக் குறிக்கும் None) என்று வைத்திருந்தால் அதையும் கவனியுங்கள். 2.7 அதை எல்லாவற்றையும்விடச் சிறியதாகக் கருதி முதலில் அடுக்கிவிடும். பைத்தான் 3 நன்னையும் ஸ்ட்ரிங்கையும் ஒப்பிட மாட்டேன் என்று நின்றுவிடும், அதுவும் அப்படி ஒரு புத்தகம் வரும் நாளில் மட்டும்.

இவ்வளவையும் எங்கே வைப்பது? காம்பேட் என்று ஒரே ஒரு கோப்பு போடுங்கள். இரண்டு பதிப்புக்கும் வேறுபடுகிற எல்லாம் அங்கே மட்டும் இருக்கட்டும். சிஎஸ்வி கோப்பு எழுதுவது பழையதில் பைட் முறையிலும் புதியதில் எழுத்து முறையிலும் நடக்க வேண்டும், அதற்கு ஒரு ஃபங்ஷன். யூஆர்எல்லிப்2 இடம் மாறி யூஆர்எல்லிப்புக்குள் போய்விட்டது, அதற்கு ஒரு வரி. மற்றக் கோப்புகள் எதிலும் இது எந்தப் பதிப்பு என்ற கேள்வியே வரக்கூடாது. 150 வரிக்குள் அடங்கும். சிக்ஸ் லைப்ரரியையும் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் உங்கள் அளவுக்குச் சொந்தக் கோப்பே போதும் என்பது என் எண்ணம். ஒரு நாள் எறிய வேண்டிய பொருள் ஒரே இடத்தில் இருந்தால் எறிவது சுலபம்.

பதிப்பைக் கேட்பதா, வசதியைக் கேட்பதா என்பதில் இரு தரப்பு உண்டு. புதிய பெயரில் இம்போர்ட் செய்து பார், இல்லாவிட்டால் பழைய பெயரில் செய் என்பது பலரும் சொல்லும் வழி. பெரும்பாலும் சரிதான். ஆனால் 2.7 கணினியில் ஃப்யூச்சர் என்ற லைப்ரரி (மேலே சொன்ன __ஃப்யூச்சர்__ அல்ல, தனியாக நிறுவுவது) இருந்தால், அது பில்டின்ஸ், க்யூ போன்ற புதிய பெயர்களை அங்கேயும் நிறுவி வைத்திருக்கும். உங்கள் நிரல் அதைப் பார்த்து நாம் புதியதில் இருக்கிறோம் என்று ஏமாந்துவிடும். அதனால் மொழியின் நடத்தையே மாறும் இடங்களில் சிஸ் மாட்யூலின் வெர்ஷன்_இன்ஃபோவைக் கேளுங்கள். பதிப்பு எண்ணை எழுத்தாக எடுத்து முதல் மூன்று குறியை வெட்டி ஒப்பிடாதீர்கள். 2021-இல் 3.10 வந்தபோது அப்படி எழுதிய நிரல்களெல்லாம் அதை 3.1 என்று படித்தன.

பழைய தரவைப் பைத்தானுக்கே உரிய பிக்கிள் வடிவில் சேமித்து வைத்திருந்தால் அதை விட்டு வெளியே வாருங்கள். ஜேசன் என்ற பொது எழுத்து வடிவம் போதும். அதன் இயல்பான அமைப்பில் தமிழ்க் குறிகள் ஆஸ்கி வடிவில் எழுதப்படுவதால் என்கோடிங் சண்டையே வராது.

வேலையின் வரிசையைச் சொல்கிறேன். நிரலில் ஒரு வரியைத் தொடுவதற்கு முன், இன்றைய தரவின் நகல் ஒன்றை எடுத்து 2.7-இல் நிரலை ஓட்டி, அது கொடுக்கும் எல்லாவற்றையும் சேமித்து வையுங்கள். லேபிள், ரசீது, அடுக்கிய பட்டியல், ஏற்றுமதிக் கோப்பு எல்லாம். உங்களிடம் டெஸ்ட் எதுவும் இல்லை என்கிறீர்கள். இந்தப் பழைய வெளியீடுதான் இனி உங்கள் டெஸ்ட். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் 2.7-இல் ஓட்டி ஒப்பிடுங்கள், பிறகு 3-இல் ஓட்டி ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் ஏன் என்று தெரியாமல் நகராதீர்கள். 2.7 ஒருநாளும் உடைந்து நிற்கக் கூடாது, காலையில் நூலகம் திறக்க வேண்டுமே.

2.7-க்கான சூழலை அமைப்பது இப்போது கொஞ்சம் சிரமம், முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். லைப்ரரிகளை நிறுவும் பிப் 21.0 முதல் 2.7-ஐக் கைவிட்டுவிட்டது, 20.3.4-தான் கடைசி. டெஸ்ட் ஓட்டும் பைடெஸ்ட்டில் 4.6 வரிசைதான் கடைசி. தனிச் சூழல் அமைக்கும் விர்ச்சுவல்என்வ் 20.22-க்கு முந்தையதாக வேண்டும். நிரலைத் தனிப் பெட்டிக்குள் வைத்து ஓட்டும் டாக்கரில் 2.7 இமேஜ் இன்றும் கிடைக்கிறது, உங்கள் மேசைக் கணினியில் சோதிக்க அதுவே எளிது.

பைத்தான் 3 பக்கத்திலும் எந்த 3 என்று முடிவு செய்யுங்கள். இப்போது ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில் ஒரு பதிப்பு வருகிறது, ஒவ்வொன்றுக்கும் ஐந்தாண்டு ஆதரவு. இடையிலும் பொருள்கள் மறைகின்றன. 3.7-இல் அசிங்க் என்பது மொழிக்கே உரிய சொல்லாகிவிட்டது, அந்தப் பெயரில் மாட்யூல் வைத்திருந்த செலரி போன்ற பெரிய லைப்ரரியே பெயர் மாற்ற வேண்டியிருந்தது. 3.10-இல் கலெக்ஷன்ஸிலிருந்து மேப்பிங் போன்றவற்றை நேரடியாக எடுக்கும் வழி போனது. 3.12-இல் டிஸ்ட்யூட்டில்ஸ், 3.13-இல் சிஜிஐ, டெல்நெட்லிப் உட்பட 19 மாட்யூல்கள். இவை எதுவும் திடீரென்று நடப்பதில்லை. பொதுவாக இரண்டு பதிப்புக்கு முன்பே, இது போகப்போகிறது என்ற டெப்ரிகேஷன் எச்சரிக்கை வந்துவிடும். ஆனால் அந்த எச்சரிக்கை பெரும்பாலும் மறைத்தே வைக்கப்பட்டிருக்கிறது. டெஸ்ட் ஓட்டும்போது -W error என்று கொடுத்து அதைப் பிழையாக்கிவிடுங்கள். அப்படிச் செய்தால் அடுத்த அக்டோபர் உங்களுக்கு அதிர்ச்சி தராது.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. 2.7-க்கு 2020 ஜனவரி 1-உடன் ஆதரவு முடிந்தது. ஏப்ரல் 2020-இல் வந்த 2.7.18-க்குப் பின் பைத்தான் குழுவிடமிருந்து எந்தப் பாதுகாப்புத் திருத்தமும் வரவில்லை. அந்த மூன்று கணினிகளும் இணையத்தில் இருக்கக் கூடாது. அதோடு, 20,000 வரியும் இரண்டு பதிப்பிலும் ஓட வேண்டுமா என்று ஒருமுறை யோசியுங்கள். டிரைவரைத் தொடுவது எத்தனை வரி? என் அனுபவத்தில் இத்தகைய நிரல்களில் அது சில நூறு வரிக்கு மேல் போவதில்லை. அந்தப் பகுதியை மட்டும் பிரித்து, ஸ்கேன் செய்த விவரத்தை ஜேசன் கோப்பாக ஒரு ஃபோல்டரில் போடும் சின்ன நிரலாக 2.7-இலேயே விட்டுவிடலாம். மீதி நிரல் 3-இல் ஓடி அந்த ஃபோல்டரைப் பார்த்துக்கொள்ளும். நகரும் சில மாதங்களுக்கு மட்டும் இரண்டிலும் ஓடினால் போதும். மேலே சொன்ன காம்பேட் கோப்பை எடுத்தெறியும் தேதியை இன்றே நாட்காட்டியில் குறித்துக்கொள்ளலாம்.

ஆகவே முதல் வேலையாக, டிரைவரை இம்போர்ட் செய்யும் கோப்புகள் எவை, அவை வேறு எவற்றை அழைக்கின்றன என்று தேடி எடுங்கள். அந்தப் பட்டியலை எனக்குக் காட்டினால், எங்கே வெட்டலாம் என்று சேர்ந்து பார்க்கலாம்.